புதிய ஊரும் பழைய நீர்வழியும்

ஓசூர் என்னும் பெயருக்குப் புதிய ஊர் என்பது பொருள். ஹொச என்றால் புதிய, ஊரு என்றால் ஊர் எனக் கன்னடம் அறிந்தோர் எளிதில் பிரித்துக் காட்டுவர். ஆனால் இப்புதிய ஊர் மிகப் பழையது. கல்வெட்டுகள் இதனைச் செவிடபாடி எனக் குறிக்கின்றன. குன்றின் மேல் சந்திரசூடேசுவரர் கோயில், குன்றின் அடியில் தேர்ப்பேட்டை, சற்றுத் தள்ளி இராமநாயக்கன் ஏரி, சந்திராம்பிகை ஏரி. மலையும் தேர்வீதியும் ஏரியும் சேர்ந்து ஓர் ஊரை உருவாக்கிய காலம் ஒன்று இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்பட்ட அவ்வூரில், ஒரு மொழிக்காரர் தம் வீட்டை மற்றொரு மொழிக்காரரின் வீட்டினின்றும் வேறுபடுத்திக் கட்டியதாகத் தெரியவில்லை.

இன்று பெங்களூரிலிருந்து நெடுஞ்சாலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைவோர் முதலில் காணும் ஊர் இதுவே. சூசூவாடி எல்லையைக் கடந்ததும் தொழிற்சாலைச் சுவர்கள், சரக்குந்து வரிசைகள், மேம்பாலங்கள், விளம்பரப் பலகைகள். சந்திரசூடேசுவரர் மலை எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓசூர் அழகிழந்த ஊர் என்னும் பேச்சு இங்கிருந்தே தொடங்குகிறது. திட்டமின்றி வளர்ந்ததே அதற்குக் காரணம் என்று பலரும் சொல்கின்றனர். அக்கூற்றை வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால், அது பாதி உண்மையே என்பது புலனாகும்.

ஓசூர் வட்டாரமும் கிருஷ்ணகிரி வட்டாரமும் இன்று ஒரே மாவட்டம். நிலத்தியல்பில் இரண்டும் வேறு. ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் ஓசூர் இருக்கிறது. சூளகிரிக்கு அப்பால் நிலம் இறங்கிக் கிருஷ்ணகிரியில் தாழ்நிலமாகிறது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலக் கும்பினியாரிடம் ஒப்படைத்தபோது கிருஷ்ணகிரி கைமாறியது. மலைமேல் இருந்த ஓசூரோ திப்பு வீழ்ந்த 1799இல்தான் கும்பினியின் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை வயல்வயலாக அளந்து, உழவரிடம் நேரே வரி பெறும் முறையை உருவாக்கினர். பின்னர் மாகாணமெங்கும் பரவிய இரயத்துவாரி முறைக்கு இம்மண்ணே தொட்டில்.

நில அளவைக்கும் நகரத்தின் அழகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. வயலுக்கு ஓர் எண், ஏரிக்கு ஓர் எண், ஓடைக்கு ஓர் எண் என்று நிலம் பிரிந்தபின், ஊர் என்பது எண்களின் தொகுப்பாகவும் எழுதப்படலாயிற்று. தனியார் வயலுக்கு உரியவர் இருந்தார். ஏரியும் ஓடையும் புறம்போக்கு ஆயின. முன்பு ஊரார் கூடித் தூர்வாரிய நீர்நிலை, அரசின் பதிவேட்டில் ஒரு வகைப்பாடாக மாறியது. காவலுக்கு அரசு இருக்கிறது என்றானபின் காவல் செய்யும் பழக்கம் மெல்லக் குன்றிற்று. இக்குறைபாடு தமிழகம் முழுமைக்கும் பொது. ஆயினும் அளவைக்கோல் முதலில் விழுந்த மண் என்னும் சிறப்பும் சுமையும் இப்பகுதிக்கே உரியவை.

ஆங்கிலேயர் ஓசூரின் குளிர்ச்சியை விரும்பினர். மத்திகிரியில் 1824இல் அவர்கள் தொடங்கிய பண்ணை, படைக்குக் குதிரை வளர்க்கும் இடமாக இருந்து கால்நடைப் பண்ணையாயிற்று. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட அப்பண்ணைதான் நகரின் விளிம்பில் கட்டடம் ஏறாமல் எஞ்சிய பெருவெளி. தொலைநோக்கால் அது காக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. மாடுகள் மேய வேண்டியிருந்ததால் காக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் குறுகிய இருப்புப்பாதைகள் வந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரண்டும் மூடப்பட்டன. பின்னர் ஓசூருக்குச் சேலம்–பெங்களூர்ப் பாதை வந்தது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை இரயில் நிலையம் இல்லை. இது வரலாற்றின் கேலிகளுள் ஒன்று.

இனி, அழகு குலைந்த கதைக்கு வரலாம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டம் பின்தங்கிய மாவட்டமெனப் பட்டியலிடப்பட்டது. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் மக்கள் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போவர். 1971இல் அமைந்த சிப்காட் நிறுவனம், அடுத்த சில ஆண்டுகளில் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. பெங்களூர் நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்தது. நிலம் மலிவு, சலுகைகள் உண்டு, வெயிலும் கடுமையன்று. அசோக் லேலண்டு 1980இல் வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். நிறுவனத்தின் சிறு மோட்டார் வண்டி ஓசூரிலிருந்து புறப்பட்டது. 1984இல் தோன்றிய டைட்டன் கைக்கடிகார ஆலை, அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து ஆக்கியது.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சிப்காட் வளாகம் திட்டமிடப்பட்டது. நேரான சாலைகள், அளந்து பிரித்த தொழில்மனைகள், மின்சாரம், தண்ணீர் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. எந்திரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது கணக்கிடப்பட்டது. அவ்வெந்திரத்தை இயக்குவோர் எங்கே உறங்குவர், அவர் பிள்ளைகள் எங்கே விளையாடுவர், அவர் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்லும் என்னும் கணக்கு அதே வரைபடத்தில் இல்லை. வீட்டு வசதி வாரியம் கட்டிய, மக்கள் ஹட்கோ என்றே வழங்கும் குடியிருப்புகளில் தெருக்கள் இன்றும் அகலமாகவும் மரநிழலோடும் உள்ளன. ஆனால் அவை சிலருக்கே போதுமானவை. ஏனையோர் மூக்கண்டப்பள்ளி, சின்ன எலசகிரி போன்ற சிற்றூர்களில் வரிசை வீடுகளில் வாடகைக்குக் குடியேறினர். சிற்றூர்ச் சந்து, மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு அமைந்தது. அதில் மூன்றடுக்கு மாடிகள் எழுந்தன.

நெய்வேலியோடு இதனை ஒப்பிடலாம். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபோது சுரங்கத்தோடு குடியிருப்பும் வட்டம் வட்டமாக எழுந்தது. நிலம் இழந்த சிற்றூர் மக்களின் துயரம் அந்நகரின் அடியில் இருக்கிறது, அதை மறைத்துப் புகழ்வதற்கில்லை. எனினும் வேலை தந்த அமைப்பே வீட்டையும் தெருவையும் எண்ணிப் பார்த்தது. ஓசூரில் வேலையை ஒருவர் திட்டமிட்டார், வீட்டை வேறு யாரோ பார்த்துக்கொள்வர் என்று விட்டுவிட்டனர்.

மறுமுனையில் திருப்பூர் நிற்கிறது. அங்கே தொழிற்கூடங்கள் பெரும்பாலும் வீடுகளுக்கிடையிலும் தோட்டங்களுக்கிடையிலும் தாமே முளைத்தவை. ஓசூர் வளாகத்தால் வளர்ந்தது, திருப்பூர் வளாகமின்றி வளர்ந்தது. முடிவில் இரண்டு ஊர்களும் ஒரே தோற்றம் கொண்டன. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டுச் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஆகவே, திட்டம் இல்லாமையால் ஊர் அழகிழக்கிறது என்னும் விடை போதாது. எதற்கான திட்டம், யாருக்கான திட்டம் என்பதே வினா.

தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்பு என்று ஒரு பகுதியைச் சொல்கிறது. அம்மை, அழகு, தொன்மை முதலானவை அவை. உறுப்புகள் பல திரண்டு ஒன்றானவிடத்துத் தோன்றும் அழகே வனப்பு எனப் பேராசிரியர் உரை விளக்கும். அசையும் சீரும் தளையும் தனித்தனியே பிழையற்று இருக்கலாம். அவற்றால் மட்டும் செய்யுள் வனப்புப் பெற்றுவிடாது. கவிஞர்க்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஓசூரின் நிலை இதுதான். தொழில் வளாகத்தைச் சிப்காட் பார்த்தது. நெடுஞ்சாலையை அதற்குரிய துறை பார்த்தது. அணையைப் பொதுப்பணித் துறை பார்த்தது. நகரை நகராட்சியும், நகரைச் சுற்றி வளர்ந்த மனைப்பிரிவுகளை ஊராட்சிகளும் பார்த்தன. ஆற்றின் மேற்பகுதியோ வேறு மாநிலத்தின் கையில். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொறுப்பாளர் இருந்தார். திரண்ட வடிவத்துக்கு ஒருவரும் இல்லை.

நகரமைப்பு என்னும் சிந்தனை தமிழகத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகவும் இடையில் நாளங்காடியாகவும் வகுத்துக் காட்டுகிறது. அண்மைக் காலத்தில் இச்சிந்தனைக்கு வித்திட்டவருள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டவரான பேட்ரிக் கெட்டீசு. சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பில், நகரங்களைப் பற்றிய கண்காட்சியோடு 1914இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். படங்களும் வரைபடங்களும் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கிளான் கிராண்டு கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்துவிட்டது. சென்னை மீது குண்டு வீசி, பொல்லாத ஆளுக்கு எம்டன் என்னும் பட்டத்தைத் தமிழ்ப் பேச்சுக்கு விட்டுச்சென்ற அதே எம்டன்தான். கெட்டீசு தளரவில்லை. நண்பர்கள் அனுப்பிய புதிய படங்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்தே சுற்றிப் பார்த்தார்.

இடித்துத் தள்ளி நேர்ச்சாலை போடும் பொறியாளர்களோடு அவருக்கு ஓயாத வழக்கு இருந்தது. ஊரின் உடலில் வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் மருத்துவரைப்போல் நகரமைப்பாளர் இயங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் எதிர்த்தார். மீனும் வாத்தும் கொசுவைப் பார்த்துக்கொள்ளும், குளம் போனால் ஊரின் குளிர்ச்சியும் அழகும் போகும் என்றார். அவர் வருகைக்குப் பின் 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சிப்காட் தோன்றிய ஆண்டும் அதுவே என்பதை நோக்க வேண்டும். தொழில் வளர்க்கும் கருவியும் ஊரை ஒழுங்குபடுத்தும் கருவியும் ஒரே காலத்தில் உருவாயின. ஒன்று ஓடியது, மற்றது கோப்பில் நடந்தது.

சட்டம் இருந்தும் என்ன நேர்ந்தது என்பதைப் பாகலூர்ச் சாலையிலும் இராயக்கோட்டைச் சாலையிலும் தளிச் சாலையிலும் காணலாம். பெங்களூரில் நிலவிலை ஏற ஏற, எல்லைக்கு இப்பால் மனை வாங்குவோர் பெருகினர். கேழ்வரகு வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்ணக் கொடி நட்டு, மனை என்று விற்றனர். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டிய இடத்தில் ஊராட்சித் தலைவரின் ஒப்பமே போதும் என்று மாநிலமெங்கும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. மனைப்பிரிவின் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் இருக்கும். சில ஆண்டுகளில் அதுவும் ஒரு மனையாகும். ஒரு மனைப்பிரிவின் தெரு அடுத்த மனைப்பிரிவின் சுவரில் முட்டி நிற்கும். 2016 செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் ஒப்புதலற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20 வரை பிரித்து விற்ற மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்த வழிசெய்தது. சேமிப்பையெல்லாம் கொட்டி மனை வாங்கிய தொழிலாளிக்கு இவ்விதி நிம்மதி. அவரைக் குறைசொல்வது அறமன்று. ஆனால் கட்டணத்தால் பத்திரம் நேராயிற்றே தவிர, சுவரில் முட்டிய தெரு நேராகவில்லை.

நீரின் கதை இதனினும் கசப்பானது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்குப் பக்கமாக வந்து ஓசூரை அடைகிறது. பெங்களூரின் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே இவ்வாற்றில் கலக்கிறது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கித் தெருவில் பறந்ததும், ஏரிப்பரப்பே தீப்பற்றியதும் 2015 முதல் நாடறிந்த செய்திகள். அதே நீர் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை எட்டுகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெண்ணுரை மலைபோல் எழுந்து மிதக்கும். தொலைவிலிருந்து பார்ப்போர்க்குப் பனிபோல் அழகாகத் தோன்றும், அருகே சென்றால் நாற்றம் தாங்காது. ஓசூரில் அழகும் அருவருப்பும் இவ்வளவு நெருங்கி நிற்கும் இடம் வேறில்லை.

இதில் ஒரு முரண் அடங்கியுள்ளது. பெங்களூர் குடிப்பது பெரிதும் காவிரி நீர். கீழிருந்து குழாயில் ஏற்றிக் குடித்து, கழிவாக்கித் தென்பெண்ணையில் விடுகிறது. ஆற்றங்கரை ஊரான ஓசூர் தன் ஆற்றைக் குடிக்க இயலாமல் காவிரியையே நாடுகிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக 2013இல் செயல்படத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஓசூருக்கும் நீர் தருகிறது. ஆகவே காவிரி இந்த ஊருக்கு இருமுறை வருகிறது. ஒருமுறை ஒகேனக்கல்லிலிருந்து மேட்டுக்கு ஏற்றிய குடிநீராக, இன்னொரு முறை பெங்களூரின் சாக்கடையாக. காவிரிக்காக இரு மாநிலங்களும் நூற்றாண்டுக்கும் மேலாக வழக்காடுகின்றன. இந்த இரண்டாம் வருகையைப் பற்றி அவ்வளவு உரத்த குரல் எழவில்லை.

பெங்களூரை மட்டும் பழிப்பதும் நேர்மையாகாது. ஓசூரின் சொந்த ஏரிகளுக்கு வரும் ஓடைகளை அடைத்தவர் பெங்களூரார் அல்லர். ஓடை மீது கட்டிய தெருவில் ஐப்பசி மழையில் வெள்ளம் புகுந்தால், நீர் வீட்டுக்குள் வந்தது என்கிறோம். வீடு நீருக்குள் போனது என்பதே பொருந்தும்.

இவ்வளவு சொன்னபின், மறுதரப்பையும் கேட்க வேண்டும். அழகு பற்றிய கவலை வயிறு நிறைந்தோர் கவலை என்று சிலர் சொல்வர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஊத்தங்கரையிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வந்த இளைஞர்க்கும், மின்னணு ஆலைகளில் சேர்ந்த இளம்பெண்களுக்கும் ஓசூர் தந்தது முதல் மாதச் சம்பளம். அவர்தம் பெற்றோர் மழை பொய்த்த ஆண்டுகளில் பட்ட பாட்டை நினைத்தால், ஆலைச் சங்கொலி அவர்களுக்கு இனிய ஓசையே. 2001இல் ஏறத்தாழ எண்பத்து நான்காயிரம் பேர் வாழ்ந்த நகராட்சி 2011இல் 1,16,821 பேரைக் கொண்டிருந்தது. வெறுத்த ஊருக்கு இப்படி மக்கள் வருவதில்லை. ஆயினும் அழகும் சோறும் பகைப் பொருள்கள் என்று கொள்வதே தவறு. சந்திராம்பிகை ஏரிக்கரையில் மாலையில் காற்று வாங்க விரும்புவோர் செல்வர் மட்டுமல்லர். காரில் வெளியூர் போக இயலாதவர்க்கே உள்ளூர்ப் பூங்கா மிகத் தேவை. ஒற்றை அறையில் நால்வர் தங்கும் தொழிலாளிக்குத் தெருவே கூடம். அந்தத் தெரு அருவருப்பாக இருந்தால் அவர் இழப்பது அலங்காரத்தையன்று, வீட்டின் ஒரு பகுதியை.

கிருஷ்ணகிரியின் கேடு வேறு வகையது. அங்கே கோட்டைமலை இன்னும் நகருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. 1791இல் ஆங்கிலப் படை ஏற முயன்று தோற்ற மலை அது. பழையபேட்டையின் நெருங்கிய தெருக்களில் பழைய ஊரின் சாயல் எஞ்சியுள்ளது. நெடுஞ்சாலைகள் கூடும் சந்தியாக ஊர் நீண்டுவிட்டதே அதன் சிக்கல். சுற்றுவட்டாரத்தில் மலைகளையே அறுத்து எடுக்கும் கருங்கல் தொழில் நடக்கிறது. நகரம் அழகிழந்தால் திருத்தலாம். அறுபட்ட மலை மீண்டும் வளராது.

1992இல் நகராட்சியான ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. 2022இல் கோவை, மதுரை, திருப்பூர் ஆகியவற்றோடு ஓசூருக்கும் நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. திரண்ட வடிவத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அதற்குள் டாட்டா மின்னணு ஆலை வந்துவிட்டது, போச்சம்பள்ளியில் ஓலா மின்வண்டி ஆலை வந்துவிட்டது. 2024 ஜூன் 27ஆம் நாள் சட்டப்பேரவையில், ஓசூரில் 2000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணியரைக் கையாளும் அளவினது அது. மீண்டும் ஒரு புதிய ஊர் எழப்போகிறது.

அப்புதிய ஊருக்கு வரைபடம் எழுதுவோர் தொடங்க வேண்டிய இடம் வெற்றுத்தாள் அன்று. ரீடும் மன்றோவும் தொடங்கிய அளவையின் வழிவந்த கிராம வரைபடங்கள் வட்டாட்சியர் அலுவலகங்களில் உள்ளன. ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை என்று ஒவ்வொன்றுக்கும் அவற்றில் எண் உண்டு. கட்டடம் எழுந்து பல ஆண்டுகள் ஆன இடங்களிலும் ஓடைப் புறம்போக்கு என்னும் சொல் பதிவேட்டில் அழியாமல் இருக்கிறது. மழை பெய்யும்போது நீரும் அவ்வழியையே தேடி வருகிறது.